மிகாமியின் ஊதா நாக்கு

அடுத்த வீட்டு வேலிக்குள் கையை விட்டு ஒரு பழத்தைக் கிள்ளி, முன்பற்களால் நசுக்கி, கண்ணை மூடிக்கொண்டு மூன்று மூச்சு நிற்கிறார் மிகாமி. மேலே வெள்ளை அங்கி, கீழே முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், சட்டைப் பையில் இரண்டு சீப்புகள். கடலிலிருந்து ஏறிவந்த மூடுபனி எங்கள் தெருவில் பாதியை விழுங்கிவிட்டது. துறைமுகத்தில் கப்பல் ஊதுகிறது. மூன்றாவது மூச்சில் கண்ணைத் திறந்து, வேலிக்காரர் எழுந்தாரா இல்லையா என்ற கவலையே இல்லாமல் உரக்கத் தீர்ப்பு சொல்கிறார்.

"புதன்கிழமை! போன வருஷம் செவ்வாய்தான். தேறிடுச்சு!"

கிழமைக் கணக்கு அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. அவர் நடத்தும் முடிதிருத்தும் கடைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஆகவே உலகத்தில் உள்ள நல்ல ருசிக்கெல்லாம் அவரிடம் திங்கள் என்று பெயர். செவ்வாய் என்றால் புளிப்பு, ஆனால் பொறுத்துக்கொள்ளலாம். புதனும் வியாழனும் சாப்பாட்டுக்கு உகந்தவை. ஞாயிறு என்பது கடையில் பிள்ளைகள் நாற்காலியில் உட்காராமல் அலறும் நாள். அதனால் ஞாயிறு என்றால் துப்பிவிட வேண்டிய பழம். வெளியூரிலிருந்து வந்தவர்கள் "உங்க பழம் சுத்தமா ஞாயித்துக்கெழம" என்று அவர் சொல்லக் கேட்டு மகிழ்ந்துபோய்ப் பலகாரம் வாங்கிக்கொண்டு வந்து நன்றி சொன்னதும் உண்டு.

இந்த ஹாஸ்காப் பழத்தைப் பற்றி எங்கள் வடக்குத் தீவு ஊர்க்காரர்கள் அடக்கமாகப் பேசமாட்டார்கள், நானும் பேசப்போவதில்லை. விரல்நுனி அளவு, நீள உருண்டை, கருநீலத்தின்மேல் சாம்பலை ஊதிவிட்டாற்போல் ஒரு பூச்சு. பூ இரண்டு இரண்டாகப் பூக்கும், இரண்டு பூவும் சேர்ந்து ஒரே பழமாகும். எடுக்கும்போதே தோல் கிழிந்து விரலெல்லாம் ஊதா. அதனால் இது தொலைதூரச் சந்தைக்குப் போகிற பழமல்ல. கொல்லையில் வளர்த்து, கொல்லையிலேயே தின்னவேண்டிய பழம். துறைமுகம் தோண்டுவதற்காகச் சதுப்பு நிலத்தை வழித்தெடுத்த காலத்தில் எங்கள் தெருக்காரர்கள் தள்ளுவண்டியோடு போய் ஆளுக்கு ஒன்றிரண்டு புதரைப் பெயர்த்து வந்து நட்டார்கள். காட்டுச் செடி என்பதால் ஒன்றின் குணம் இன்னொன்றுக்கு இல்லை. ஒன்று தேன், ஒன்று புளி, ஒன்று நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு மறுநாள் காலை வரை எழுந்திருக்காத கசப்பு.

இந்தக் குணங்களையெல்லாம் பிரித்துச் சொல்ல ஒரு நாக்கு வேண்டுமே, அது மிகாமியுடையது. வயது அறுபத்தெட்டு. ஜூன் கடைசியிலிருந்து ஜூலை முடியும் வரை அந்த நாக்கு ஊதாவாகவே இருக்கும். ஒருமுறை பல் வைத்தியர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத் தானே நாற்காலியில் சாய்ந்துவிட்டார் என்பார்கள். சாயவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். கதையில் நான்தான் சாயவைத்தேன்.

தன் வீட்டுப் புதர்களை அவர் வளர்க்கும் விதம் தனி. கடையில் வெட்டி விழும் முடியைக் கூட்டி அள்ளி வேரைச் சுற்றிப் போடுகிறார். மனித வாடைக்கு மான் கிட்டே வராதாம். எங்கள் தெருவில் அவருடைய செடிகளுக்குத் தன் தலையைக் கொடுக்காத ஆண்பிள்ளை கிடையாது. பறவைக்குப் பயந்து, வாடிக்கையாளர் கழுத்தில் கட்டும் வெள்ளைத் துணிகளை எடுத்துப் புதர்களின்மேல் போர்த்திவிடுவார். விடிகாலைப் பனியில் எட்டிப் பார்த்தால் கொல்லையில் நாலு பேர் முடி வெட்டிக்கொள்ள வரிசையாகக் காத்திருப்பதுபோல இருக்கும். புதிதாக வந்த தபால்காரர் ஒருவர் அவர்களுக்கு வணக்கம் சொன்னதை நான் என் கண்ணால் பார்த்தேன். இது பொய்யில்லை.

ஜூலை மாதத்து முதல் திங்கட்கிழமை பீப்பாய் நாள். தெருவில் உள்ள ஒன்பது வீடும் ஆளுக்கொரு கிண்ணம் பழத்தோடு அவர் கடையில் கூடும். மிகாமி ருசி பார்த்து நாள் சொல்வார். செவ்வாயும் அதற்கு மேலும் தேறியதெல்லாம் ஒரே பீப்பாயில் கொட்டப்பட்டு, உப்பு போடப்பட்டு, கல் வைத்து மூடப்படும். இலையுதிர் காலத்தில் அதைப் பங்கு பிரித்து, வருடம் முழுக்கச் சோற்றுருண்டைக்குள் வைத்துச் சாப்பிடுவோம். ஒரே ஒரு கசப்புக் கிண்ணம் உள்ளே போனாலும் பீப்பாய் முழுதும் கெட்டது. மிகாமிக்குக் காய்ச்சல் கண்ட ஒரு வருடம் அப்படி ஆயிற்று. அந்த வருடத்துச் சோற்றுருண்டையைத் திருடிக்கொண்டு போன காகம், அரை மணியில் திரும்பி வந்து சன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனது.

கசப்பு என்று தீர்ந்த செடியை அன்று மாலையே தோண்டி எடுத்துவிட வேண்டும் என்பதும் தெரு வழக்கம். இருப்பது கையகலக் கொல்லை. தின்ன ஆளில்லாத செடிக்கு எதற்கு இடம் என்று கேட்பார்கள்.

நான் இதையெல்லாம் எழுதக் காரணம், இந்த வருடம் அந்த நாக்கு செத்துப்போனதுதான்.

முதலில் சந்தேகப்பட்டவள் அவருடைய மனைவி மிட்சுயே. ஏப்ரலில் ஒருநாள் முள்ளங்கி வாங்கப் போன இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இவர்கிட்ட என்னமோ சரியில்ல. முப்பத்தஞ்சு வருஷமா என் சமையல்ல குத்தம் சொல்லாம ஒரு வேளை சாப்பிட்டதில்ல. இப்ப எதப் போட்டாலும் 'நல்லாருக்கு'ங்கறாரு. நேத்து மிசோ சூப்புல மிசோவே போடல. அதுக்கும் 'நல்லாருக்கு'. எனக்கு பயமா இருக்கு."

"வயசானா புத்தி வரும்டி. சந்தோஷப்படு" என்றேன்.

"இவருக்கா?" என்றாள் அவள்.

ஆண்டுதோறும் முதல் பழம் கறுத்ததும் அவருக்கு நான் செய்யும் ஒரு விஷமம் உண்டு. ரயில் பாதைக் கரையில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு காட்டுப் புதர் நிற்கிறது. கசப்பில் அதற்கு மிஞ்சி எதுவும் இந்தத் தீவிலேயே கிடையாது. அதில் நாலு பழம் பறித்துச் சோற்றுருண்டைக்குள் ஒளித்து, நல்ல பிள்ளைபோலக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் கடிப்பார், தொட்டிக்கு ஓடுவார், திரும்பி வந்து என் ஏழு தலைமுறையையும் திட்டுவார். அதற்குப் பிறகுதான் எங்கள் இருவருக்கும் கோடை தொடங்கியதாக அர்த்தம்.

இந்த வருடமும் கொண்டுபோனேன். கடையில் ஆள் இல்லை. அவர் உருண்டையை இரண்டு கடியில் முடித்தார். விரலை நக்கினார்.

"அக்கா, இந்த வருஷம் உங்க உப்புப்பழம் அருமையா வந்திருக்கு. சரியான திங்கக்கெழம."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தேன். அவரும் கண்ணாடி வழியாகத்தான் என்னைப் பார்த்தார். முகத்தைப் படிப்பது அவர் தொழில். என் முகத்தில் இருந்ததைப் படித்துவிட்டார்.

"ரயில் பாதைப் பழமா?" என்று கேட்டார்.

"ஆமா."

சவரக்கத்தியை எடுத்துத் தோல்பட்டையில் தீட்டத் தொடங்கினார். அது ஏற்கெனவே தீட்டிய கத்தி.

"ஜனவரி காய்ச்சல்ல போச்சு. ரெண்டு மாசத்துல வந்துடும்னாங்க. வரல. கட்டிச் சோப்பும் கட்டித் தயிரும் ஒண்ணுதான் இப்ப எனக்கு."

"மிட்சுயேக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொல்லாதீங்க. யாருக்கும் சொல்லாதீங்க."

"பீப்பாய் நாள் வருதே, அப்ப என்ன செய்வீங்க? நான் வேணா பக்கத்துல உக்காந்து ருசி பாத்துக் கண்ண காட்டறேன்."

"ஒங்க கண்ணயா? தெருவுல பாதிக் கதை அந்தக் கண்ணுலேர்ந்துதான் வருது." சிரித்தார். பிறகு கத்தியை மடித்தார். "முடி வெட்ட ஸ்டேஷன் பக்கத்துல வேற கடை இருக்கு, அக்கா. பத்தே நிமிஷத்துல வெட்டி அனுப்பறான். இந்தத் தெருக்காரங்க இன்னும் இங்க வர்றது எதுக்குன்னு எனக்குத் தெரியும். நாலு கிழம பேசறதுக்கு. அதுவும் இல்லன்னா நான் வெறும் கத்திரிக்கோல். பாத்துக்கறேன், விடுங்க."

அன்றிலிருந்து விடிகாலையில் அவர் வேலி வேலியாக நின்று கண்ணை மூடும்போதெல்லாம் நான் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மூச்சு, சரியாக. "வியாழன்!" என்று கூவுவார். போன வருடத்து மனப்பாடம். பழகிய செடிகளுக்கு அது போதும். ஆனால் இந்த வருடம் பழகாத செடி ஒன்று இருந்தது.

அது யோரிகோவின் செடி. ஆறு வருடத்துக்கு முன்னால் கணவனுக்குத் துறைமுகத்தில் மாற்றலாகி, தெற்கே ககோஷிமாவிலிருந்து வந்தவள். நாற்பத்தைந்து வயது. அங்கே பெரிய கடையொன்றில் கீழ்த்தளத்தில் நின்று பதினெட்டு வருடம் பரிசுப்பொருள் கட்டிக் கொடுத்தவள். அந்தப் பதினெட்டு வருடமும் அவள் முகத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டது. எது நடந்தாலும் ஒரே சிரிப்பு. குளியலறைக் குழாய் பனியில் உறைந்து வெடித்த அன்று, முட்டளவு தண்ணீரில் நின்றுகொண்டு அதே சிரிப்போடு எனக்குக் காலை வணக்கம் சொன்னாள். சரி, கணுக்கால் அளவு.

வந்த வருடம் நாங்கள் கொடுத்த பழத்தில் ஒன்றை நசுக்கி, விதையைத் தொட்டியில் போட்டிருக்கிறாள். நறுக்கிய கிளையை நட்டால் தாய்ச்செடியின் குணம் அப்படியே வரும். விதை அப்படியில்லை, என்ன வரும் என்று செடிக்கே தெரியாது. அதைச் சொன்னோம். "பரவாயில்லீங்க, இது இங்கேயே பொறந்ததுல்ல" என்றாள். ஆறு குளிர்காலம் அந்தச் செடிக்குக் கோணிப்பை கட்டினாள். இந்த வருடம்தான் ஒரு கிண்ணம் நிறையக் காய்த்தது. ஆறு இலையுதிர் காலமும் தன் பழம் எதுவும் போடாமலே பீப்பாயிலிருந்து அவளுக்கும் பங்கு போயிற்று. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லி, மறுநாளே பதிலுக்கு இனிப்பு ஏதாவது கொண்டுவந்து வைப்பாள். மற்ற எட்டு வீட்டுக்காரர்களும் பங்கை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விடுவோம். எங்கள் பழம் உள்ளே இருக்கிறதே, பிறகென்ன நன்றி?

பீப்பாய் நாள் வந்தது. கண்ணாடிக்குக் கீழே, எண்ணெய்ப் புட்டிகளை ஒதுக்கிவிட்டு ஒன்பது கிண்ணம் வரிசையாக வைக்கப்பட்டன. மிட்சுயே உப்புச் சட்டியோடு பீப்பாயின் பக்கத்தில் நின்றாள். மிகாமி துவைத்துப் போட்ட அங்கியில் இருந்தார்.

"இந்த வருஷம் புது மொறை. செடிக்குச் சொந்தக்காரங்கதான் மொதல்ல சாப்பிடணும். பெத்தவங்க திங்காததை நான் ஏன் திங்கணும்? வாங்க அக்கா, நாற்காலியில உக்காருங்க."

என் கழுத்தில் வெள்ளைத் துணியைக் கட்டினார். நாற்காலியைக் கண்ணாடி பக்கம் திருப்பினார். என் கிண்ணத்துப் பழம் ஒன்றை வாயில் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, சவரத்துக்குத் தலையைச் சாய்ப்பவர்போல இரண்டு விரலை என் தாடைக்குப் பின்னால், காதுமடலுக்குக் கீழே வைத்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, ருசி பார்க்கப்போவது நாக்கல்ல, விரல். நாற்பது வருடமாக அவர் விரலுக்குக் கீழே எத்தனை தாடைகள் பல்வலியையும் கடனையும் மாமியாரையும் மறைத்துப் பார்த்திருக்கும்! நான் முகத்தைக் கட்டையாக்கிக்கொண்டேன். விஷமம் என் சுபாவம், என்ன செய்ய?

"அக்கா, மூஞ்சியப் பிடிச்சுக்கலாம். தாடை ஒங்க பேச்சக் கேக்காது." பிறகு தானும் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, மூன்று மூச்சு. "வியாழன்."

வியாழனேதான். எல்லாரும் கைதட்டினார்கள். புது விளையாட்டு என்று நினைத்துவிட்டார்கள். கப்பலில் வேலை பார்க்கும் ஒய்காவா நாற்காலியில் ஏறி, பழம் பல்லில் பட்டதும் ஒரு கண்ணைச் சுருக்கினான்.

"செவ்வாய்" என்றார் மிகாமி.

"யோவ், அநியாயம்! போன வருஷம் புதன் குடுத்தீங்க!"

"போன வருஷம் எருப் போட்ட. இந்த வருஷம் படகுலயே கெடந்த. உள்ள போட்டுக்க, பரவாயில்ல. அடுத்த ஆள்!"

எட்டுக் கிண்ணமும் பீப்பாய்க்குள் போயின. ஒன்றுகூடத் தவறவில்லை. மிட்சுயே உப்பைத் தூவத் தூவக் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யோரிகோ கடைசியாக வந்து உட்கார்ந்தாள். ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டாள். கண்ணாடியில் அந்தச் சிரிப்பு. மிகாமியின் இரண்டு விரலும் தாடைக்குப் பின்னால் காத்திருந்தன.

"இன்னொண்ணு" என்றார்.

இன்னொன்று. அதே சிரிப்பு, ஒரு மயிரிழை கூடக் குறையாமல். அவர் விரல்கள் லேசாக இடம் மாறின. கதவைத் தட்டிவிட்டுப் பதில் வராமல் வாசலில் நிற்பவரின் விரல்கள் அவை.

தானே ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார். கண்ணை மூடினார். மூன்று மூச்சு போயிற்று. நாலு. ஐந்து.

"என்னண்ணே, நாக்கு தூங்கிடுச்சா?" என்றான் ஒய்காவா.

எழுந்து ஒரு பழத்தை வாயில் போட்டுப் பார்க்க எனக்கு எவ்வளவு நேரமாகும்? எழவில்லை. "புதன்" என்று அவர் ஒரு சொல் சொன்னால் போதும், நாக்கு இன்னொரு வருடம் உயிரோடு இருக்கும், அவள் கிண்ணமும் உள்ளே போகும். பழம் கசப்பாக இருந்துவிட்டால் ஒன்பது வீட்டுப் பீப்பாயும் பாழ். "ஞாயிறு" என்று சொல்லிவிட்டாலோ பீப்பாய் பிழைக்கும். நல்லதாக இருந்திருக்கக்கூடிய ஒரு செடி மாலையில் குழியைவிட்டு வெளியே வந்துவிடும். அவர் பீப்பாயைப் பார்த்தார். மிட்சுயேயைப் பார்த்தார். பிறகு, நாற்பது வருடத்தில் நான் பார்த்திராதபடி, வேலை முடியுமுன்பே நாற்காலியைக் கண்ணாடியிலிருந்து திருப்பிவிட்டார்.

"எனக்குத் தெரியல" என்றார். "ஜனவரியிலேர்ந்து எனக்கு எந்த ருசியும் தெரியல."

மிட்சுயேயின் கையில் உப்பு அப்படியே நின்றது.

"அப்ப என்னுது செவ்வாய்னு சொன்னது?" என்று கேட்டான் ஒய்காவா.

"அது ஒன் மூஞ்சி சொன்னது."

ஒருவர் சிரித்தார், துணைக்கு ஆள் இல்லாமல் நிறுத்திக்கொண்டார். மிகாமி நாற்காலிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். அவர் தலை இப்போது யோரிகோவின் தலைக்குக் கீழே இருந்தது.

"யோரிகோம்மா, ஒங்க மூஞ்சிய என்னால படிக்க முடியல. அது என் தப்பு, ஒங்க தப்பு இல்ல. நீங்களே சொல்லுங்க. நல்லாருக்குன்னா நான் கேள்வி கேக்காம உள்ள கொட்டறேன். யாரும் கேக்க மாட்டாங்க."

கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தார். அவள் குனிந்து அதைப் பார்த்தாள். மூன்றாவதாக ஒன்றை எடுத்து மெல்ல மென்றாள். சிரிப்பு முதலில் உதட்டின் ஓரத்தில் அவிழ்ந்தது, பிறகு கன்னத்தில். அதற்குக் கீழே இருந்த முகத்தை நாங்கள் யாரும் ஆறு வருடத்தில் பார்த்ததில்லை. களைத்த, கூர்மையான, நல்ல முகம்.

"கசக்குது" என்றாள். "மொதப் பழத்துலயே தெரிஞ்சு போச்சு. போன வாரமே. ரொம்பக் கசக்குதுங்க."

"அடடா" என்றாள் மிட்சுயே.

யோரிகோ கிண்ணத்தை வெள்ளைத் துணிக்கடியில் மடிக்கு இழுத்துக்கொண்டாள். "பீப்பாய மூடிடுங்க. தின்ன ஆளில்லாத செடிதானே, சாயங்காலம் வந்து மண்வெட்டி வாங்கிக்கறேன். என்கிட்ட இல்ல."

ஒய்காவா, "நான் வந்து தோண்டித் தரேங்க" என்று தொடங்கி, தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நிறுத்தினான்.

மிகாமி எழுந்தார். முழங்கால் சொடுக்கியது. அவள் கழுத்திலிருந்து துணியை அவிழ்த்து உதறினார். உதறுவதற்கு அதில் ஒரு முடிகூட இல்லை. மடியிலிருந்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ஒரு பழத்தை எடுத்துப் போட்டுக்கொண்டார். கண்ணை மூடவில்லை, மூச்சை எண்ணவில்லை. பசித்தவன் சாப்பிடுவதுபோல மென்று விழுங்கினார். அடுத்தது. அதற்கும் அடுத்தது. சாறு மோவாயில் வழிந்து துவைத்த அங்கியில் ஊதாவாகச் சொட்டியது.

யோரிகோ எழுந்து வந்து, "ஐயோ, வேணாங்க, குடுங்க" என்று கையை நீட்டினாள்.

அவர் கிண்ணத்தை மறுபக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டு, அடுத்த பழத்தை எடுத்தார்.